இம்போர்ட் செய்த கேட் மாடலில் மெஷ் ஆகவில்லையா? சரி செய்யும் வரிசை

கஸ்டமர் அனுப்பிய ஸ்டெப் ஃபைலைத் (கேட் எனும் கணினி வடிவமைப்பு மென்பொருள்கள் மாடலைப் பரிமாறும் வடிவம்) திறந்தால் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மெஷ் பட்டனைத் தட்டினால், அதாவது வலிமைக் கணக்குக்காக மாடலை எலிமெண்ட் என்னும் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கச் சொன்னால், பிழை வரும். உடனே பலரும் செய்வது, எலிமெண்ட் சைஸைப் பாதியாக்கி மறுபடி தட்டுவது. அப்புறம் அதிலும் பாதி. ஏதோ ஒரு சைஸில் மெஷ் ஆகிவிடும். ஆனால் முப்பது, நாற்பதாயிரம் எலிமெண்டில் முடிய வேண்டிய வேலை பல லட்சத்தில் போய் நிற்கும். உள்ளே புரண்டு கிடக்கும் எலிமெண்டுகள், சால்வர் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) ஓடும்போதுதான் தலைகாட்டும்.

மெஷ் பிழை என்று வருவதில் பெரும்பகுதி அடியில் இருக்கும் ஜியோமெட்ரியின் பிழைதான். அதனால் இந்த வழிகாட்டியில் எலிமெண்ட் சைஸை ஒன்பதாவது படியில்தான் தொடப்போகிறோம்.

உதாரணத்துக்கு ஒரு மோட்டார் பிராக்கெட்டை எடுத்துக்கொள்கிறேன். எஸ்ஜி அயர்ன் (ஒரு வகை வார்ப்பிரும்பு) வார்ப்பு. 220 மி.மீ. நீளம், 12 மி.மீ. தடிமனில் அடித்தட்டும் நிற்கும் தட்டும், இடையே இரண்டு ரிப் (தாங்கு தட்டு), அடியில் நான்கு போல்ட் துளை, மூலைகளில் 5 மி.மீ. ஃபில்லெட் (கூர்மை நீக்கி உருட்டிய வளைவு), பக்கவாட்டில் புடைத்து நிற்கும் பார்ட் நம்பர். மென்பொருள்கள் ஃப்ரீகேட், அதற்குள் ஜிமெஷ், சால்வராக கால்குலிக்ஸ். மூன்றும் இலவசம் என்பதால் யாரும் கூடவே செய்து பார்க்கலாம். அன்சிஸ், அபாகஸ் போன்ற மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மெனு பெயர் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது டிராயிங். அதில் மொத்த அளவும் எடையும் இருக்க வேண்டும். எடை இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது படியிலேயே தேவைப்படும்.

அடுத்து மூன்று இடங்கள் தெரிந்திருக்க வேண்டும்: எங்கே பிடிக்கிறோம், எங்கே சுமை வருகிறது, எங்கே ஸ்ட்ரெஸ் (தகைவு) படிக்கப்போகிறோம். இதற்கும் மெஷ் பிழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். எந்த ஃபில்லெட்டை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன. இது தெரியாமல் கிளீனப் செய்ய உட்கார்ந்தால், கடைசியில் ஸ்ட்ரெஸ் கேட்கும் இடத்தில்தான் ஃபில்லெட் இருக்காது.

வந்த ஃபைலை அப்படியே ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். எந்த ஃபேஸை (மாடலின் ஒரு தனிப் பரப்பு) நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டே போங்கள்.

2. ஃபைல் வடிவம்: சரி செய்வதற்கு முன் மாற்றிக் கேளுங்கள்

எஸ்டிஎல் வந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். அது திரையில் காட்டவும் 3டி பிரிண்டுக்கும் செய்த முக்கோணக் கூட்டம். அலகு கிடையாது, துளை என்று ஒன்று கிடையாது, சிலிண்டர் என்று ஒன்று கிடையாது. அதை சாலிடாக (உள்ளே நிறைந்த, மூடிய உருவம்) மாற்றினால் ஒவ்வொரு முக்கோணமும் ஒரு தனி ஃபேஸ் ஆகும். மெஷர் (மெஷ் செய்யும் நிரல்) அத்தனை எட்ஜையும் (விளிம்பு) மதித்தாக வேண்டும். ஸ்டெப் கேட்டு வாங்க ஆகும் ஒரு நாள், எஸ்டிஎல்லோடு போராடும் வாரத்தைவிடக் குறைவு.

ஐஜெஸ் வந்தால் பெரும்பாலும் பரப்புகள் மட்டும் தனித்தனியாக இருக்கும். எந்தப் பரப்பு எதோடு ஒட்டுகிறது என்ற தகவல் இருக்காது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் வாங்குங்கள்.

ஸ்டெப் என்றால் ஏபி203, ஏபி214, ஏபி242 எதுவானாலும் சாலிட் ஜியோமெட்ரிக்குப் போதும். டிசைனர் சாலிட்வொர்க்ஸோ என்எக்ஸோ பயன்படுத்துகிறார், உங்கள் மென்பொருள் பாராசாலிட் படிக்கும் என்றால் அதையே கேளுங்கள். அந்த இரண்டுமே பாராசாலிட் கர்னலில் (ஜியோமெட்ரியைக் கணக்கிடும் உள்மென்பொருள்) ஓடுபவை, அதனால் அங்கிருந்து வெளியே வரும்போது மொழிமாற்றம் நடக்காது. ஃப்ரீகேட் பாராசாலிட் படிக்காது. நம் பிராக்கெட்டுக்கு ஸ்டெப்தான்.

மொழிமாற்றம் ஏன் கெடுக்கிறது என்றால், ஒவ்வொரு கர்னலுக்கும் 'இரண்டு புள்ளிகள் ஒன்றுதான்' என்று ஒப்புக்கொள்ளும் எல்லை வேறு. கேட்டியாவில் வழக்கமான எல்லை 0.001 மி.மீ. பாராசாலிட்டில் 0.00001 மி.மீ. ஃப்ரீகேட்டின் அடியில் இருக்கும் ஓப்பன் கேஸ்கேட் அதைவிடச் சின்ன எண்ணில் தொடங்குகிறது. ஒரு மென்பொருளில் மூடியிருந்த சாலிட், இன்னொன்றில் திறந்து நிற்பதற்கு இதுதான் காரணம். டிசைனர் பொய் சொல்லவில்லை, அவர் திரையில் அது உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கிறது.

3. அலகும் எடையும்

முதலில் பவுண்டிங் பாக்ஸ் (மாடலைச் சுற்றிய பெட்டியின் அளவு) பாருங்கள். 220 வர வேண்டிய இடத்தில் 0.22 வந்தால் மீட்டர், 8.66 வந்தால் அங்குலம். அளவு மாறினால் எல்லா டாலரன்ஸும் அர்த்தம் இழக்கும். 0.22 அலகு நீளமுள்ள மாடலில் 0.001 என்ற தையல் டாலரன்ஸ் (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டி மூடலாம் என்ற எல்லை), உண்மையில் ஒரு மி.மீ. பிழையை அனுமதிப்பது போலாகும்.

அடுத்து வால்யூம். எஸ்ஜி அயர்னின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 7.1 கிராம். டிராயிங்கில் 6.4 கிலோ என்றிருந்தால் வால்யூம் ஏறக்குறைய 9 லட்சம் கன மி.மீ. வர வேண்டும். பூஜ்யம் வந்தால் அது சாலிட் இல்லை, வெறும் பரப்பு. மைனஸில் வந்தால் ஃபேஸ்கள் உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. இரட்டிப்பாக வந்தால் ஒரே பாகம் இரண்டு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எடை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

4. எத்தனை சாலிட் என்று எண்ணுங்கள்

மாடல் மரத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதால் ஒரே சாலிட் என்று நம்ப வேண்டாம். காம்பவுண்ட் (தொகுப்பு) ஒன்றுக்குள் சாலிட், ஷெல் (ஃபேஸ்களால் ஆன வெற்றுக்கூடு), தனிக்கோடு எல்லாம் கலந்து இருக்கலாம். டிசைனர் வரைந்த ஸ்கெட்ச் கோடுகள்கூட ஸ்டெப்பில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஃப்ரீகேட்டில் பார்ட் வொர்க்பெஞ்சில் காம்பவுண்டை உடைத்து, சாலிடை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். நம் பிராக்கெட்டுக்கு விடை 'ஒன்று' என்று வர வேண்டும். அடித்தட்டு, ரிப் எல்லாம் தனித்தனி சாலிடாக வந்தால் டிசைனர் யூனியன் செய்யவில்லை. அவற்றை ஒன்றாக்கிவிட்டுத்தான் அடுத்த படி.

5. ஜியோமெட்ரியைச் சோதியுங்கள், இப்போதைக்குப் பட்டியல் மட்டும்

பார்ட் வொர்க்பெஞ்சில் செக் ஜியோமெட்ரி. சாலிட்வொர்க்ஸில் இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ். ஸ்பேஸ்கிளெய்மில் ரிப்பேர் டேப். ஃப்ரீகேட்டில் பூலியன் (உருவங்களைச் சேர்ப்பது, வெட்டுவது) சோதனையைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். அதையும் இயக்குங்கள், மேலோட்டமான சோதனை தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஃபேஸ்களைத் தவறவிடும்.

வரும் பிழைகளை உடனே சரி செய்யத் தொடங்காதீர்கள். புதியவர்கள் அதிகம் நேரம் தொலைப்பது இங்கேதான். பார்ட் நம்பரில் இருக்கும் 8 என்ற எழுத்தின் வளைவில் ஒரு கெட்ட எட்ஜ் இருக்கும். அதை மணிக்கணக்கில் தைப்பார்கள். அந்த எழுத்தே ஏழாவது படியில் போகப்போகிறது. ஒவ்வொரு பிழைக்கும் எதிரே 'நீக்கப்படும் இடம்', 'நிற்கும் இடம்' என்று மட்டும் குறித்துக்கொண்டு நகருங்கள்.

6. திறந்திருந்தால் மூடுங்கள்

சாலிட் மூடாமல் இருந்தால் அதன்பின் வரும் நீக்கல் கருவிகள் எதுவும் நம்பகமாக வேலை செய்யாது. அதனால் இந்த ஒரு ரிப்பேர் மட்டும் முன்கூட்டியே வருகிறது.

தையல் டாலரன்ஸை 0.001 மி.மீ.யில் தொடங்குங்கள். போதவில்லையென்றால் 0.01. அதற்கு மேல் போகும்போது ஒரு விதி: மாடலில் இருக்கும் உண்மையான மிகச் சிறிய எட்ஜின் பாதிக்குக் கீழேயே நில்லுங்கள். டாலரன்ஸ் எட்ஜைவிடப் பெரிதானால், அந்த எட்ஜின் இரு முனைகளையும் மென்பொருள் ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்ளும். ஓட்டை மூடிவிடும், ஆனால் பக்கத்து ஃபேஸ் முறுக்கிக்கொள்ளும். 'எல்லாம் மூடட்டும்' என்று ஒரேயடியாக 0.5 வைப்பவர்களின் மாடலில் அடுத்து வரும் பிழைகள் அவர்களே உண்டாக்கியவை.

ஃபேஸே காணாமல் போயிருந்தால் தையலால் தீராது. சுற்றியிருக்கும் எட்ஜ்களைத் தேர்ந்தெடுத்து, ஷேப் பில்டரில் புதிய ஃபேஸ் உண்டாக்கி, அப்புறம் எல்லா ஃபேஸையும் சேர்த்து ஷெல், ஷெல்லிலிருந்து சாலிட். முடிந்ததும் வால்யூமை மறுபடி பாருங்கள். 9 லட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தொடரலாம்.

7. தேவையில்லாததை நீக்குங்கள்

புடைத்த எழுத்துகள், லோகோ, மாடல் செய்த திருகுமரை, சுமைப் பாதையிலிருந்து தள்ளியிருக்கும் சின்னச் சாம்ஃபர் (சாய்த்து வெட்டிய விளிம்பு) எல்லாம் போகலாம். திருகுமரை இருக்கும் இடத்தில் வெறும் சிலிண்டர் போதும். மரையின் சுருள் பரப்பு மெஷருக்குப் பெரிய தலைவலி, பிராக்கெட்டின் வலிமைக்கோ அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

ஃப்ரீகேட்டில் டீஃபீச்சரிங் கருவி, நீக்க வேண்டிய ஃபேஸ்களைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்து ஃபேஸ்களை நீட்டி மூடிக்கொள்ளும். ஒரு எழுத்தின் எல்லா ஃபேஸையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் நீட்டி மூட வழியில்லாமல் தோற்கும்.

ஃபில்லெட் வேறு கதை. ரிப்பும் அடித்தட்டும் சேரும் உள்மூலையில் இருக்கும் 5 மி.மீ. ஃபில்லெட்டை நீக்கினால் அங்கே கூர்மையான மூலை கிடைக்கும். அந்த மூலையில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு முடிவான விடை கிடையாது. மெஷ்ஷை எவ்வளவு நுணுக்குகிறோமோ அவ்வளவுக்கு எண் ஏறிக்கொண்டே போகும். ஸ்ட்ரெஸ் படிக்கும் இடமென்றால் ஃபில்லெட்டைத் தொடாதீர்கள், மெஷ் எவ்வளவு அடம்பிடித்தாலும் சரி. வெளிமூலை ஃபில்லெட்டுகளை, அவை பெரிய வால்யூமைச் சுமக்கவில்லையென்றால், தாராளமாக எடுக்கலாம்.

8. ஊசி ஃபேஸ்களும் குட்டை எட்ஜ்களும்

மெஷ் ஏன் உடைகிறது என்பதற்கு அனேகமாக எல்லா வார்ப்பு மாடல்களிலும் கிடைக்கும் விடை இதுதான்.

நம் பிராக்கெட்டில் ரிப்புக்கு ஒரு டிகிரி டிராஃப்ட் (வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் வர வைக்கும் சாய்வு) கொடுத்திருக்கிறார்கள். ரிப்பின் பக்கமும் அடித்தட்டின் விளிம்பும் ஒரே கோட்டில் முடிய வேண்டியவை. டிராஃப்ட் காரணமாக 0.03 மி.மீ. தள்ளி முடிகின்றன. அந்த வித்தியாசத்தை நிரப்ப கேட் மென்பொருள் ஒரு ஃபேஸை உண்டாக்குகிறது: 38 மி.மீ. நீளம், 0.03 மி.மீ. அகலம். திரையில் அது ஒரு கோடாகத்தான் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் இரண்டு எட்ஜ் இருப்பதே சந்தேகமாக இருக்கும்.

கண்ணை நம்பாமல் கணக்கில் பிடிப்பதுதான் வழி. ஒவ்வொரு ஃபேஸுக்கும் பரப்பளவை இரண்டால் பெருக்கி, சுற்றளவால் வகுங்கள். ஒடுக்கமான ஃபேஸுக்கு இந்த எண் ஏறக்குறைய அதன் அகலத்தையே சொல்லும். இங்கே பரப்பளவு 1.14, சுற்றளவு 76.06, விடை 0.03. ஒழுங்கான ஃபேஸ்களுக்கு இது பல மி.மீ. வரும். பரப்பளவை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் இந்த ஃபேஸ் தப்பித்துவிடும். 1.14 சதுர மி.மீ. என்பது பயமுறுத்தும் எண் இல்லையே. ஃப்ரீகேட்டின் பைதான் கன்சோலில் நாலைந்து வரியில் எல்லா ஃபேஸையும் இப்படி வரிசைப்படுத்திவிடலாம். எட்ஜ்களையும் நீளவாரியாக வரிசைப்படுத்துங்கள். எலிமெண்ட் சைஸில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பவை எல்லாமே விசாரணைக்கு உரியவை.

இது ஏன் மெஷ்ஷைக் கெடுக்கிறது? மெஷர் ஒவ்வொரு வெர்டெக்ஸிலும் (எட்ஜ்கள் முடியும் புள்ளி) ஒரு நோட் (எலிமெண்டின் கணுப்புள்ளி) வைத்தே தீரும். குறைந்தபட்ச சைஸ் 2 மி.மீ. என்று நீங்கள் கொடுத்தாலும் 0.03 மி.மீ. எட்ஜின் இரு முனையிலும் நோட் விழும். 'மினிமம் சைஸ் கொடுத்தேனே' என்று குழம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த சைஸ் எட்ஜைப் பிரிப்பதற்கான வரம்பு. இருக்கும் எட்ஜை அது அழிக்காது. விளைவாக 4 மி.மீ. பக்கமும் 0.03 மி.மீ. பக்கமும் கொண்ட முக்கோணம் கிடைக்கும், விகிதம் 130க்கு மேல். எக்ஸ்பிளிசிட் டைனமிக்ஸ் (மோதல் போன்றவற்றை மிகச் சின்ன நேரத் துண்டுகளாகக் கணக்கிடுவது) செய்பவர்களுக்கு இன்னும் மோசம். இந்த உலோகத்தில் ஒலி ஒரு மைக்ரோ செகண்டில் சுமார் 4.9 மி.மீ. போகும். எலிமெண்டை ஒலி கடக்கும் நேரம்தான் கணக்கின் ஒரு நேரத் துண்டு: 4 மி.மீ. எலிமெண்டுக்கு 0.8 மைக்ரோ செகண்ட், 0.03க்கு 0.006. ஒரே ஒரு ஊசி ஃபேஸ் மொத்த ரன்னையும் நூறு மடங்குக்கு மேல் இழுத்துவிடும்.

சரி செய்ய மூன்று வழி, இந்த விருப்ப வரிசையில்:

முதல் வழி, காரணத்தை நீக்குவது. ரிப்பின் பக்கத்தை ஓரம்வரை கொண்டுவந்தாலோ, ஒரு பெட்டியால் அந்த விளிம்பை வெட்டி எடுத்தாலோ ஃபேஸே இல்லாமல் போகும். வெட்டும்போது சரியாக 0.03 மி.மீ. வெட்டாதீர்கள். ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்புகளில்தான் பூலியன் தோற்கும், அல்லது இன்னொரு ஊசி ஃபேஸைப் பெற்றுக் கொடுக்கும். தயங்காமல் 0.2 மி.மீ. உள்ளே போய் வெட்டுங்கள். வார்ப்பில் அனுமதிக்கும் அளவு வித்தியாசமே அதைவிட அதிகம்.

இரண்டாவது, டீஃபீச்சரிங்கில் அந்த ஒரு ஃபேஸை மட்டும் நீக்கி, பக்கத்து ஃபேஸ்களை நீட்டி மூடவிடுவது. பக்கத்து ஃபேஸ்கள் இரண்டும் நீட்டினால் ஒன்றையொன்று வெட்டும் என்றால்தான் இது நடக்கும். இணையாக ஓடும் ஃபேஸ்கள் என்றால் நடக்காது.

மூன்றாவது, ஜியோமெட்ரியைத் தொடாமல், மெஷரிடம் மட்டும் 'இந்த இரண்டையும் ஒரே ஃபேஸாக நினைத்துக்கொள்' என்று சொல்வது. அன்சிஸில் இதன் பெயர் வெர்ச்சுவல் டோபாலஜி, ஜிமெஷ்ஷில் காம்பவுண்ட். வேகமான வழி, ஆனால் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருக்கும் ஃபேஸ்களை மட்டுமே சேருங்கள். 90 டிகிரி மூலையைத் தாண்டிச் சேர்த்தால் மெஷ் அந்த மூலையை வெட்டிக்கொண்டு போகும், உங்கள் மாடலில் மூலை மழுங்கிவிடும்.

முடிந்ததும் செக் ஜியோமெட்ரியை மறுபடி ஓட்டுங்கள். ஐந்தாவது படியின் பட்டியலில் 'நிற்கும் இடம்' என்று எழுதியவை எத்தனை மிச்சம் என்று பாருங்கள். பெரும்பாலும் தானாகவே குறைந்திருக்கும். மிச்சம் இருப்பவற்றை இப்போது ஒவ்வொன்றாகச் சரி செய்யலாம்.

9. மெஷ்ஷை மூன்று கட்டமாக ஓட்டுங்கள்

மெஷர் முதலில் எட்ஜ்களைப் பிரிக்கும், அப்புறம் ஃபேஸ்களை முக்கோணங்களால் நிரப்பும், கடைசியில் உள்ளே டெட்ராஹெட்ரான்களை (நான்முகி, சுருக்கமாக டெட்ரா) அடைக்கும். மூன்றாம் கட்டத்தில் வரும் பிழையின் வேர் அனேகமாக முதல் இரண்டில் இருக்கும். ஃப்ரீகேட்டின் ஜிமெஷ் பெட்டியில் எலிமெண்ட் டைமென்ஷன் என்று ஒரு தேர்வு உண்டு. அதை 1, 2, 3 என்று படிப்படியாக ஏற்றி ஓட்டுங்கள். எலிமெண்ட் ஆர்டர் இப்போதைக்கு முதல் நிலையிலேயே (மூலைகளில் மட்டும் நோட்) இருக்கட்டும். இரண்டாம் நிலையில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு நோட் சேரும்.

சைஸ் எவ்வளவு? 12 மி.மீ. தட்டு வளையும் என்பதால் தடிமனில் குறைந்தது இரண்டு அடுக்கு இரண்டாம் நிலை எலிமெண்ட் வேண்டும். பொதுவாக 6 மி.மீ., ஸ்ட்ரெஸ் படிக்கும் ஃபில்லெட்டில் மட்டும் 1.5 மி.மீ. எத்தனை எலிமெண்ட் வரும் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சைஸை மூன்று தடவை பெருக்கி (சைஸ் × சைஸ் × சைஸ்) 8.5ஆல் வகுத்தால் ஒரு டெட்ராவின் வால்யூம். 6க்கு 25 கன மி.மீ., ஆக 9 லட்சத்துக்குச் சுமார் 35,000. 3 மி.மீ. என்றால் எட்டு மடங்கு, 2.8 லட்சம். ஃபில்லெட்டில் நுணுக்கியதற்குக் கொஞ்சம் கூடும். ஆனால் 35,000 எதிர்பார்த்த இடத்தில் 4 லட்சம் வந்தால், ஊசி ஃபேஸ் ஒன்று இன்னும் ஒளிந்திருக்கிறது என்று பொருள். அடர்த்தியாகக் கறுத்திருக்கும் இடத்தைத் திரையில் தேடுங்கள், அங்கேதான் இருக்கும்.

பரப்பு மெஷ் முடிந்ததும் நான் ஒரு கணக்கு பார்ப்பேன். மூடிய பரப்பில் ஒவ்வொரு கோடும் சரியாக இரண்டு முக்கோணங்களுக்குப் பொது. அதனால் நோட் எண்ணிக்கையிலிருந்து முக்கோண எண்ணிக்கையின் பாதியைக் கழித்தால், துளையே இல்லாத பொருளுக்கு 2 வரும். மறுபக்கம் வரை ஊடுருவிப் போகும் ஒவ்வொரு துளைக்கும் 2 குறையும். நான்கு துளை உள்ள நம் பிராக்கெட்டுக்கு மைனஸ் 6. முக்கோணம் 13,000 என்றால் நோட் 6,494 இருக்க வேண்டும். வேறு எண் வந்தால் எங்கோ கிழிசல் இருக்கிறது, அல்லது நோட் இரட்டித்திருக்கிறது.

ஜிமெஷ் பதிவில் (லாக்) வரும் சில செய்திகள்:

எட்ஜ் மெஷ் மூடிய வளையமாக இல்லை என்று வந்தால், அந்த ஃபேஸின் எல்லைக்கோட்டில் இடைவெளி. ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

இன்வாலிட் பவுண்டரி மெஷ், ஓவர்லேப்பிங் ஃபேசெட்ஸ் என்று இரண்டு பரப்பு எண்களோடு வந்தால், அந்த இரண்டு பரப்புகளின் முக்கோணங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. இரட்டை ஃபேஸாக இருக்கலாம். அல்லது இரண்டு வளைந்த பரப்புகள் மிக நெருக்கமாக ஓட, பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டியிருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால் மட்டும், அந்த இடத்தில் மட்டும் சைஸைக் குறைப்பது நியாயமான மருந்து.

பிஎல்சி எரர் என்று வந்தால் பரப்பு மெஷ் தன்னையே வெட்டுகிறது. பதிவில் வெட்டும் புள்ளியின் ஆயத்தொலைவும் இருக்கும். அந்த மூன்று எண்களை வைத்து மாடலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். செய்தியைப் படிக்காமலேயே பெட்டியை மூடிவிட்டு அல்காரிதத்தை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். பதில் அந்தப் பெட்டியிலேயே இருந்திருக்கும்.

ஒற்றை சாலிடுக்கு, ஜிமெஷ் சொல்லும் பரப்பு எண்ணும் ஃப்ரீகேட்டின் ஃபேஸ் எண்ணும் வழக்கமாக ஒன்றுதான். அன்சிஸில் பிழைச் செய்தியின் மேல் ரைட் கிளிக் செய்தாலே பிரச்சினையான ஜியோமெட்ரியைக் காட்டும்.

10. இரண்டாம் நிலைக்கு மாற்றும்போது புரளும் எலிமெண்டுகள்

முதல் நிலை டெட்ரா வளைவில் மிக விறைப்பாக நடந்துகொள்ளும், டிஃப்ளெக்ஷனை (வளைந்து நகரும் அளவு) குறைத்துக் காட்டும். அதனால் கடைசியில் பத்து நோட் உள்ள இரண்டாம் நிலைக்குப் போயாக வேண்டும். அங்கே கால்குலிக்ஸ், நான்பாசிட்டிவ் ஜக்கோபியன் (எலிமெண்ட் புரண்டுவிட்டது என்று பொருள்) என்று ஒரு எலிமெண்ட் எண்ணோடு நின்றுவிடும்.

நடப்பது இது. துளையிலும் உள்மூலை ஃபில்லெட்டிலும் இரண்டு நோட்டுகளை இணைக்கும் நேர்கோடு காற்றில் ஓடும். நடு நோட்டை உண்மையான வளைவுக்கு இழுக்கும்போது அது உலோகத்துக்குள் நகரும். 2 மி.மீ. ஆர ஃபில்லெட்டின் 90 டிகிரி வளைவுக்கு ஒரே எலிமெண்ட் இருந்தால் நடு நோட் 0.59 மி.மீ. நகரும். அங்கே எலிமெண்ட் மெல்லியதாக இருந்தால் எதிர்ப்பக்கத்தையே தாண்டிவிடும். அதே வளைவில் மூன்று எலிமெண்ட் இருந்தால் நகர்வு 0.07 மி.மீ. மட்டும். அதனால் மருந்து, வளைவுகளில் எலிமெண்டைக் கூட்டுவது. மொத்த மாடலிலும் கூட்ட வேண்டியதில்லை.

ஸ்ட்ரெஸ் தேவையில்லாத வளைவு என்றால், நடு நோட்டை நேர்கோட்டிலேயே விடும் செகண்ட் ஆர்டர் லீனியர் அமைப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் அது மொத்த மெஷ்ஷுக்கும் பொருந்தும் அமைப்பு. ஸ்ட்ரெஸ் படிக்கும் ஃபில்லெட் போதுமான அளவு நுணுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இயக்குங்கள்.

தரம் பார்க்க ஜிமெஷ்ஷின் எஸ்ஐசிஎன் அளவுகோல் போதும். 1 என்றால் கச்சிதம், 0 என்றால் தட்டையாகிவிட்டது, மைனஸ் என்றால் புரண்டுவிட்டது. மைனஸ் ஒன்றுகூட இருக்கக்கூடாது. 0.1க்குப் பக்கத்தில் சில இருந்தால், அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சுமையில்லாத ஓரத்தில் என்றால் விட்டுவிடலாம். ஃபில்லெட்டில் என்றால் விடக்கூடாது.

11. அசெம்பிளியாக இருந்தால்

பிராக்கெட்டோடு மோட்டாரின் ஃபிளாஞ்சும் வந்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான வால்யூமை பூலியனில் எடுங்கள். பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவியிருக்கிறது. இடைவெளியையும் அளந்து பாருங்கள். தொட்டுக்கொண்டிருப்பதாகத் தெரியும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே 0.02 மி.மீ. இருப்பது சகஜம், அந்த இடத்தில் சுமை கடக்காது.

ஒட்டியே இருக்கும் பாகங்களை பூலியன் ஃபிராக்மெண்ட்ஸ் வழியாகச் சேர்த்தால் பொது ஃபேஸில் நோட்டுகள் பகிரப்படும். நழுவக்கூடியவை என்றால் தனியாக விட்டு கான்டாக்ட் கொடுங்கள். கேட்டலாகிலிருந்து இறக்கிய போல்ட்டுகளை மெஷ் செய்ய முயல வேண்டாம். நீக்கிவிட்டு வெறும் சிலிண்டரோ பீம் எலிமெண்டோ வையுங்கள்.

12. சுமை கொடுக்கும் முன் இரண்டு ரன்

முதலில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஃப்ரீக்வென்சி அனாலிசிஸ் (அதிர்வெண் கணக்கு). காற்றில் மிதக்கும் ஒற்றைப் பொருளுக்கு முதல் ஆறு மோடுகளின் (அசையும் விதங்கள்) அதிர்வெண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. ஏழாவது தெளிவாக எழும்பி நிற்க வேண்டும். பன்னிரண்டு மோடுகள் பூஜ்யம் என்றால் உங்கள் மெஷ் இரண்டு துண்டு. எந்தத் துண்டு கழன்று போகிறது என்பதை மோடின் அனிமேஷனே காட்டிவிடும். கிழிந்த மெஷ்ஷைப் பிடிக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து அடியில் பிடித்துக்கொண்டு சுயஎடை மட்டும். 6.4 கிலோவுக்கு ரியாக்ஷன் (பிடிப்பில் எழும் எதிர்விசை) கூட்டுத்தொகை ஏறக்குறைய 63 நியூட்டன் வர வேண்டும். 63,000 வந்தால் அலகு இன்னும் தவறு.

இவை தேறிய பின் ஸ்ட்ரெஸ் படிக்கும் ஃபில்லெட்டில் சைஸை 1.5லிருந்து 1க்கு இறக்கி ஒரு தடவை ஓட்டி ஒப்பிடுங்கள். எண் சில சதவீதத்துக்குள் நின்றால் போதும். ஏறிக்கொண்டே இருந்தால் அங்கே ஃபில்லெட் இல்லை, அல்லது ஊசி ஃபேஸ் ஒன்று மிச்சம் இருக்கிறது.

13. அடுத்த ரிவிஷனுக்காக

இரண்டு வாரத்தில் ரிவிஷன் பி வரும், அதே 0.03 மி.மீ. ஃபேஸோடு. அதனால் முதல் மாடல் முடிந்த கையோடு டிசைனருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: எந்த இடம், ஆயத்தொலைவு என்ன, என்ன மாற்ற வேண்டும், வட்டமிட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட். 'மாடல் சரியில்லை' என்று பொதுவாக எழுதினால் 'என் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது' என்று பதில் வரும். 'ரிப்பின் இடது ஓரத்தில், அடியிலிருந்து 12 மி.மீ. உயரத்தில், 0.03 மி.மீ. அகல ஃபேஸ்' என்று எழுதினால் அவர் மூலத்திலேயே ஐந்து நிமிடத்தில் திருத்திவிடுவார்.

எட்டாவது படியில் எழுதிய பைதான் வரிகளையும் சேமித்து வையுங்கள். ரிவிஷன் வந்ததும் முதலில் அதை ஓட்டிவிட்டு, அப்புறம் மாடலைத் திறங்கள்.